அந்தக் காலத்து நைஸ்

மகனே,

உன் கடிதாசி வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டாய். உன் பெண் உமாவை ஜவுளிக்கடை வீட்டில் அவர்கள் சின்னப் பையனுக்குக் கேட்கிறார்கள், மெட்ராசில் பாங்கு வேலை, உமாவுக்கும் பிடித்திருக்கிறது, ஆனாலும் ஆயா சரி என்று சொல்லாமல் தட்டு மாற்ற மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது உன்னைப் பெற்றது வீண் போகவில்லை என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வரியில் அதைக் கெடுத்துக்கொண்டாய். "பழசை மறந்துடும்மா, ஜவுளிக்கடை அம்மா சொன்ன சொல்லுக்கே அர்த்தம் எத்தனையோ தடவை மாறிப்போச்சு" என்று எழுதியிருக்கிறாய். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன் அப்படித்தான் எழுதுவாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நிதானமாகப் படி. உன் பொண்டாட்டியும் படிக்கட்டும், உமாவும் படிக்கட்டும். செஞ்சிக் கடைத்தெருவில் இருக்கிற ஒருத்தியைத் தவிர யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம்.

நீ எழுதிய அந்தச் சொல், நைஸ், நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது மெட்ராசில் படித்துக்கொண்டிருந்தாய். நம் மாவு மில்லுக்குக் கரண்டு இழுத்து மிஷின் பூட்டியபோது, வந்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு ஒரு சக்கரத்தைக் காட்டினான். "அம்மா, இதை இப்படி இறுக்கினா நைஸு, அப்படித் தளர்த்தினா கொரகொர" என்றான். அன்றிலிருந்து மூட்டையோடு வருகிறவர்களிடம் உங்க நைனா கேட்கிற முதல் கேள்வி அதுதான். இடியாப்பத்துக்கா, நைஸ். புட்டுக்கா, கொரகொர. விழுகிற மாவை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, மண் கல் ஒன்றும் தட்டுப்படாமல் சந்தனம் மாதிரி இருந்தால் நைஸ் என்று நான் சொல்லுவேன். என் வாயில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அதே கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் வழவழவென்று நழுவுகிற சேலைக்கு நைஸ் என்று பேர். பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றால், டிக்கெட் எடுக்காமல் நைசா இறங்கிப் போய்விட்டான் என்பார்கள். பத்துக் கடை தள்ளிப் போனால் அந்தச் சொல் வேறு சட்டை போட்டுக்கொள்ளும். நான் மில்லை விட்டு அதிகம் வெளியே போகாதவள். எனக்குத் தெரிந்தது மாவு நைஸ் ஒன்றுதான்.

உன் தங்கச்சி விசாலத்தை அந்த ஜவுளிக்கடை வீட்டில் பெரிய பையனுக்குக் கேட்டு, பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். உனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்ததெல்லாம் தங்காமல் போய், ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள் அவள். அந்த வீட்டுக்கு அவள் போகிறாள் என்றதும் எனக்கு ராஜகிரிக் கோட்டை உச்சியில் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. ரவிக்கைத் துணி எடுக்க அவர்கள் கடைக்குப் போனேன். பையனைப் பெற்ற அந்தம்மா கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி நாலு பொம்பளைகள் சேலை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க. உங்க விசாலம் ரொம்ப நைஸுங்க. அப்படி ஒரு நைஸான பொண்ணை இந்த ஊர்ல நான் பாத்ததில்லை" என்றாள். அந்த நாலு பேரும் சேலையால் வாயை மூடிக்கொண்டார்கள். மரியாதைக்கு மூடுகிறார்கள் என்று நினைத்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தால் அதோடு போயிருக்கும். வரவில்லை. பாத்திரக்கடையில் ஏறி, "சம்மந்தியம்மா என் பொண்ணை இன்னா சொல்லிச்சு தெரியுமா? நைஸுன்னு சொல்லிச்சு, நாலு பேர் எதிர்ல" என்றேன். அவர் தராசைப் பார்த்தபடியே "சரிம்மா" என்றார். பூக்காரியிடம் சொன்னேன். மளிகைக்கடையில் சொன்னேன். கேட்காதவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். எண்ணெய்க்கடை காமாட்சிதான், அவள் ஒருத்தி எனக்குச் சிநேகிதி, என் கையைப் பிடித்துக் கடைக்குள்ளே இழுத்தாள்.

"யக்கா, அந்தச் சொல்லை இன்னொரு வாட்டி வாயில எடுக்காத."

"ஏண்டி? உனக்குப் பொறாமையா?"

"பொறாமைப்பட இன்னா இருக்குது. மாவரைக்க வந்த பையனை உன் பொண்ணு நைசா வளைச்சுப் போட்டுட்டான்னு அந்தம்மா ஒரு வாரமா கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்குது. நைஸு பொண்ணு, நைஸு பொண்ணுன்னு அதுக்குப் பேரே வெச்சுட்டாங்க. அதைப் போயி நீ பேண்டு வாசிக்கிறாப்ல தெருவெல்லாம் சொல்லிக்கினு வர்ற."

மகனே, ஒருத்தி என் முகத்தில் எச்சில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். இவள் துப்பியதை நானே கையில் வாங்கி, ஒவ்வொரு கடையாக ஏறி, வாசனை பாருங்கள் என்று நீட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஜாதகம் சரியில்லை என்று அவர்கள் பூவைத் திருப்பி அனுப்பினார்களே, அது கூட எனக்கு அப்புறம்தான். கடைத்தெருவில் என் வாயாலேயே என் பெண்ணைச் சொல்ல வைத்தாளே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உங்க நைனாவிடம் சொன்னால், அவருக்கு முன்னாலேயே தெரியும். "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீ அவ்ளோ சந்தோஷமா கிளம்பிப் போனே. எப்படிச் சொல்றது" என்றார். நல்ல மனுஷன்தான். அவர் போனபோது அழுதேன். அதற்காக அதை விட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே.

உனக்கு ஒரு புத்தி சொல்லுகிறேன், காலேஜில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். யாராவது உன்னைப் புகழ்ந்தால் உடனே பல்லைக் காட்டாதே. புகழ்ந்தவன் முகத்தைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிறவன் முகத்தைப் பார். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தால் அது புகழ்ச்சி இல்லை. உன் பிரின்சிபால் உன்னைப் பாராட்டினார் என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று யோசித்து வை.

அதற்கப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. விசாலத்தை அவலூர்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருக்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தோம். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு முழத் துண்டுகூட செஞ்சியில் எடுக்கவில்லை. பஸ் ஏறித் திண்டிவனம் போய் எடுத்தேன். இன்றைக்கும் அப்படித்தான். அந்த வீட்டு அரிசி நம் மில்லுக்குத்தான் வந்தாக வேண்டும், ஊரில் வேறு மில் கிடையாது. வந்தால் நானே எழுந்து போய் சக்கரத்தைத் தளர்த்துவேன். "நைஸா அரைக்கச் சொன்னாங்க" என்று அவர்கள் ஆள் சொல்லுவான். "கரண்டு கம்மியா வருதுப்பா, இவ்ளோதான் வரும்" என்பேன். அந்த வீட்டில் இடியாப்பம் பிழிந்தால் துண்டு துண்டாக உதிரும். கடையில் உட்கார்ந்து அவள் மருமகளைத் திட்டுகிறாள், உனக்குப் பிசையத் தெரியவில்லை என்று, அப்படிக் காமாட்சி வந்து சொன்ன அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மருமகள் பாவம்தான். அவளும் அந்த வீட்டில்தானே சாப்பிடுகிறாள்.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ தடிப் புஸ்தகம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு மில் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஞாபகம் இருக்கிறதா? என்னைச் சமாதானம் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லின் வம்சாவளியைச் சொன்னாய். ரோமாபுரிக்காரர்கள் பாஷையில் அது ஒன்றும் தெரியாதவன் என்று இருந்ததாம். இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தபோது முட்டாள் என்று ஆனதாம். அப்புறம் ஒழுக்கம் கெட்டவள், மினுக்குகிறவள் என்று ஆனதாம். அப்புறம் எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறவன் என்றும், வெட்கப்படுகிறவள் என்றும், நுணுக்கமானது என்றும் மாறி மாறிப் போய், கடைசியில் நல்லது, இனிமையானது என்று வந்து உட்கார்ந்ததாம். அவன் ஊரில் பல நூறு வருஷம் ஆகியிருக்கிறது இதற்கு. "பாத்தியாம்மா, முட்டாள்ன்னு ஆரம்பிச்ச சொல்லே நல்லவன்னு ஆயிருக்குது. நீ மட்டும் ஏன் அப்படியே புடிச்சுக்கினு இருக்கே" என்று கேட்டாய். அதற்குப் பதில் இப்போது சொல்லுகிறேன். சொல் மாறட்டும், அதற்கு அவ்வளவு வருஷம் இருந்தது. சொன்ன வாய் மாறவில்லையே. அது அதே கல்லாப் பக்கத்தில் அதே வெற்றிலையை மென்றுகொண்டுதானே இருக்கிறது.

ஆனால் நீ சொன்னதை நான் வீணாக்கவில்லை. முட்டாள் என்று ஒரு அர்த்தம் இருக்கிறது என்றாயே, அதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். எப்போதாவது உதவும் என்று.

உதவுகிற நாளும் வந்தது. உன் கடிதாசிக்கு முன்னாலேயே அவள் வந்துவிட்டாள், தட்டில் பழம் பூவோடு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. "இன்னா சம்மந்தி, வாசல்லயே நிக்க வெச்சுட்ட?" என்றாள். அதற்குள் சம்மந்தி.

"உள்ள வாங்க. மாவு பறக்குது, பட்டு பாழாப்போவும்" என்றேன்.

"போனாப் போவுது, கடையில இல்லாத பட்டா. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நான் இன்னா சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்குது."

"இருக்கட்டும். உமாவை மெட்ராஸ்ல பாத்தேங்க. கண்ணாடி போட்டுக்கினு, மெதுவா பேசிக்கினு. வயசான காலத்துல சின்னவனோடதான் போயி இருக்கப் போறேன், அதுக்கு ஏத்த பொண்ணு. ரொம்ப நைஸ்."

அதே வாய், அதே சொல். தான் முன்னே அதைச் சொன்னது நெஞ்சில் துளி கூட இல்லாமல் சொன்னாள். விசாலத்தைச் சொன்னபோது அது கெட்ட அர்த்தம், உமாவைச் சொல்லும்போது நல்ல அர்த்தம். உன் புஸ்தகத்தில் பல நூறு வருஷம் ஆனது அவளுக்கு ஏழெட்டு வருஷத்தில் ஆகியிருக்கிறது. நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். "உங்க வீட்ல எல்லாருமே நைஸுதாங்க. நீங்க, உங்க வீட்டுக்காரரு, பெரியவரு, சின்னவரு, ஒருத்தர் பாக்கி இல்லை. இப்போ சொல்றாங்களே அந்த நைஸு இல்லை. அந்தக் காலத்து நைஸு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படிச் சொல்லுங்க. அந்தக் காலத்து மனுஷங்க மாதிரி இப்போ யாரு இருக்காங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அடக்கி வைத்திருந்து அப்புறம் சிரித்தேன். மில் ஆள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

அந்தச் சிரிப்பு மறுநாள் வரைக்கும் நிற்கவில்லை. காமாட்சி வந்து, "யக்கா, ராசியாயிட்டியாமே" என்றாள்.

"யாருடி சொன்னா?"

"அந்தம்மாதான். மில்லுக்காரம்மா எங்களையெல்லாம் நைஸுன்னு சொல்லிடுச்சு, அந்தக் காலத்து நைஸுன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்குது."

"நான் கும்பிடலை. அந்தக் காலத்துல அதுக்கு முட்டாள்னு அர்த்தம்டி. திட்டித்தான் அனுப்பினேன்."

"எந்தக் காலத்துல?"

"வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு வர்றதுக்கு எவ்ளோவோ முன்னாடி. அவன் ஊர்ல."

காமாட்சி விடவில்லை. "அவன் இங்க வர்றதுக்கு முன்னாடி அவன் ஊர்ல திட்டினதை நீ செஞ்சியில வந்து திட்டினா யாருக்குக்கா உறைக்கும்?" என்றாள்.

அவள் எண்ணெய் அளக்கிறவள், ஆனாலும் கேட்டது நியாயம். நான் கொடுத்த அடி அந்தம்மாவுக்கு மாலையாகப் போய் விழுந்திருக்கிறது. கடைத்தெருவே நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறது. உனக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். வேண்டாம் என்று விசாலம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். உமா அழுவாள், அழட்டும், விசாலம் படாததா என்று கூட நினைத்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். விசாலம் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்மா. உமா எனக்கும் எழுதினா. கட்டிக் குடுத்துடு" என்றாள்.

"உன்னை அப்படிச் சொன்ன வீடுடி அது."

"அந்தம்மா சொன்னது பொய்யில்லையேம்மா."

எனக்குக் காரம் ஏறியதா, காதில் சரியாக விழவில்லையா தெரியவில்லை. "இன்னாடி சொல்ற?" என்றேன்.

"அவங்க வீட்ல மாவரைக்க அனுப்ப ஆள் இல்லையா? பெரிய கடைக்காரன் புள்ளை ஏன் மூட்டை தூக்கிக்கினு வரணும்? நான்தான் வரச் சொன்னேன். மத்தியானம் நீ கண்ணசர்ற நேரமா பாத்து. அரைச்ச மாவையே திருப்பித் திருப்பி அரைச்சுக்கினு பேசிக்கினு இருந்தோம். அந்த வருஷம் அவங்க வீட்டு மாவு மாதிரி நைஸு ஊர்லயே கிடையாது." சொல்லிவிட்டு மிளகாய்க் கையோடு சிரிக்கிறாள்.

"அப்பவே ஏண்டி சொல்லலை?"

"சொன்னா அந்தம்மாவை விட்டுட்டு என்னை வெட்டியிருப்பே. அவங்க பூவைத் திருப்பி அனுப்பினப்போ அவன் ஒரு வார்த்தை பேசலைம்மா. அன்னியோட அவன் எனக்குப் போயிட்டான். நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். நான் ஒரு நாளாவது அழுது பாத்திருக்கியா? நீதான் அழுத."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னது வாஸ்தவம். அவள் அழவில்லை. இத்தனை வருஷம் அவளுக்காக என்று நான் வைத்திருந்தது என்னுடையதாகவே இருந்திருக்கிறது. இனிமேல் யாருக்கும் அதில் பங்கு இல்லை, நீ மறந்துடு என்று சொல்லுவதற்கும் உனக்கு வேலை இல்லை. அந்தம்மா சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். உண்மை என்று அவளுக்கே தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னாள், குருட்டாம்போக்கில் பட்டது. அதை அவள் கடைசி வரைக்கும் தெரிந்துகொள்ள வேண்டாம். அதனால்தான் அவளைத் தவிர யாரும் படிக்கலாம் என்று மேலே எழுதினேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உமா உன் கடிதாசியின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள், "ஆயா, நீ வேணாம்னு சொன்னா நேர்ல வந்து உன்கூட சண்டை போடுவேன்" என்று. அவள் போடுவாள். பத்து வயசில் இங்கே வந்திருந்தபோது ஆம்பளைகள் சாப்பிட்ட பிறகு உட்கார் என்று சொன்ன ஊர்ப் பெரியவர் ஒருத்தருக்குப் பக்கத்திலேயே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவர் இலையிலிருந்த அப்பளத்தையும் எடுத்துத் தின்றவள் அவள். கண்ணாடியையும் மெல்லிய பேச்சையும் பார்த்து அந்தம்மா ஏமாந்துபோயிருக்கிறாள். சின்னவனோடு போய் வயசான காலத்தைக் கழிக்கப் போகிறாளாம். கழிக்கட்டும். உமா அவளுக்குக் கொடுக்கப் போவதற்கு முன்னால் நான் மில் சக்கரத்தைத் தளர்த்தியதெல்லாம் வெறும் விளையாட்டு. உமாவிடம் நான் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனபடியால் உமாவிடம் இன்றைக்கே சொல், ஆயா சரி என்று சொல்லிவிட்டாள் என்று. அவளைக் காக்க வைக்காதே. அந்த வீட்டுக்கு மட்டும் இப்போது எழுதாதே. ஆயா இன்னும் யோசிக்கிறாள், நேரில் போய்க் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி விடு. அந்தம்மா மறுபடியும் மில்லுக்கு வரட்டும். பகலில் வரட்டும், மூட்டையோடு நாலு பேர் நிற்கிற நேரத்தில். "உங்க பொண்ணைத் தப்பா பேசினேன்" என்று அவர்கள் காதில் விழச் சொல்லட்டும். இங்கிலீஷ் ஒரு எழுத்து கலக்காமல் தமிழில் சொல்லட்டும். இந்தச் சொற்கள் அடுத்த ஏழெட்டு வருஷத்தில் வேறு அர்த்தத்துக்குப் போகாது. ஞாபகம் இல்லை என்றால் நான் எடுத்துக் கொடுக்கிறேன், ஒரு எழுத்து குறையாமல்.

சொல்லுவாள். பையன் பிடிவாதமாக இருக்கிறான் என்று காமாட்சி சொன்னாள். அந்தம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கே உனக்கு ஆள் அனுப்புகிறேன். அதற்கப்புறம் நல்ல நாள் பார்த்து நீ அவர்களுக்குக் கடிதாசி போடு. அம்மாவுக்குச் சம்மதம் என்று எழுது. அம்மா மன்னித்துவிட்டாள் என்று எழுதாதே.

இப்படிக்கு,
உன் அம்மா